ஒரு வீடு, ஒரு நம்பர்

அநியாயம் நடந்தது திருக்கடலூர்ப் புஸ்பராணிக்கு. பத்தொன்பது வருடமாக அவள் கையில் இருந்த தொலைபேசி இலக்கத்தை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பறித்துவிட்டார்கள். பறித்தவர்கள் மூன்று பேர்: இரண்டு கொம்பனி, ஒரு புருசன்.

கொம்பனிகளை முதலில் கவனிப்போம். புருசன் எங்கேயும் ஓடிவிட மாட்டார். கதிரையில் சாய்ந்தபடிதான் இருக்கிறார்.

சங்கு மொபைல், கலங்கரை மொபைல் என்று இரண்டு இருந்தன. போன தையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொழும்பில் கேக் வெட்டினார்கள், கைகொடுத்துப் படம் எடுத்தார்கள், ‘இனி நாம் ஒரே குடும்பம்’ என்று சனத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். யாரைக் கேட்டுக் குடும்பமானார்கள்? முன்பெல்லாம் சங்கு முறைத்தால் கலங்கரைக்குப் போகலாம். கலங்கரை முறைத்தால் சங்குக்குத் திரும்பலாம். அந்தப் பயத்தில் இரண்டு பேரும் எங்களோடு மரியாதையாகக் கதைத்தார்கள். இப்போது கடையும் ஒன்று, முறைப்பும் ஒன்று.

ஒரே குடும்பத்துக்கு இரண்டு கோபுரம் எதற்கென்று நினைத்தார்களோ என்னவோ, திருக்கடலூருக்குக் கிட்ட இருந்த சங்குக் கோபுரத்தை நிறுத்திவிட்டார்கள். புஸ்பராணியுடையது சங்கு நம்பர். வீட்டுக்குள் சிக்னல் செத்துப்போனது. கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு தெரியும். இறங்கினால் அதுவும் இல்லை.

அவள் தையல்காரி. சாறிச் சட்டை தைப்பதில் கிண்ணியா தொடக்கம் கிளிவெட்டி வரைக்கும் பெயர் எடுத்தவள். அளவுகளை உறுதிப்படுத்துவது போனில்தான். அவள் கிணற்றுக்கட்டில் நின்று, “என்ன, இடுப்பு முப்பத்தெட்டோ? போன வருசம் முப்பத்தாறெல்லோ!” என்று கத்த, வேலிக்கு அப்பால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் வாடிக்கைக்காரிகள் எல்லாருடைய இடுப்பையும் பாடமாக்கிவிட்டார்கள். முறைப்பாடு சொல்லக் கொம்பனிக்கு எடுத்தாள். நாற்பது நிமிடம் கிணற்றுக்கட்டில் வெயிலில் நிற்கவைத்துப் பாட்டுப் போட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் புருசனுக்கு யோசனை பிறந்தது.

யோகராசாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வருகிற கப்பலின் வடக்கயிற்றைப் பிடித்துக் கரையில் கட்டுகிற கூட்டத்தில் ஒருவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கதிரை. அவர் வைத்திருந்தது கலங்கரை நம்பர். அதற்கு வருகிற அழைப்பு இரண்டே இரண்டு. ஒன்று, ‘கப்பல் வருது, வாரும்’ என்று சுப்பவைசர் அருளம்பலம் எடுப்பது. மற்றது கொம்பனியே எடுத்து விளம்பரம் செய்வது. மனைவியின் போனோ நாள் முழுக்க அடிக்கும். மனுசனுக்கு அது உள்ளுக்குள் ஊசியாய்க் குத்திக்கொண்டுதான் இருந்தது. கெட்ட மனுசன் இல்லை. தன்னையும் நாலு பேர் தேட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

ஒன்றான கொம்பனி புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தது: ‘ஒரு வீடு, ஒரு நம்பர்.’ வீட்டில் இருக்கிற இரண்டு நம்பரில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு வருகிற அழைப்புகளை மூன்று மாதத்துக்கு மற்றதற்குத் திருப்பிவிடுவோம். கூடவே நாற்பது ஜீபீ டேட்டா இனாம். நாற்பது ஜீபீயில் எத்தனை கிரிக்கெட் பார்க்கலாம் என்று யோகராசா கணக்குப் பார்த்தார். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இஞ்ச பாரும் புஸ்பம், இனி நீர் கிணத்துக்கட்டில ஏறத் தேவையில்ல. உம்மட நம்பரைக் குடுத்திட்டன்.”

“என்ன நம்பரை?”

“உம்மட சங்கு நம்பரை. வாற கோலெல்லாம் இனி என்ர போனுக்கு வரும். ஒரு வீடு, ஒரு நம்பர்!”

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

“என்னை ஏன் கேக்கேல்ல?”

“உம்மட நன்மைக்குத்தானே செய்தனான்.”

“அதில்ல. என்னை ஏன் கேக்கேல்ல?”

“என்ர பேரில இருக்கிற நம்பர். எடுக்கேக்க என்ர அடையாள அட்டையில எடுத்தது. சட்டப்படி நான்தானே சொந்தக்காரன்?”

வாசல் படலையில் தொங்குகிற தகரப் பலகையில் அந்த நம்பர்தான் எழுதியிருக்கிறது. எத்தனையோ குசினிச் சுவர்களில், கலண்டருக்குப் பக்கத்தில், பென்சிலால் கிறுக்கியிருப்பதும் அந்த நம்பர்தான். பத்தொன்பது வருடமாக ஆயிரம் பெண்களுக்கு அந்த நம்பர்தான் புஸ்பராணி. ஆனால் சட்டம் அடையாள அட்டையைத்தான் பார்க்கும். நியாயமா இது? சொல்லுங்கள்.

புஸ்பராணி கத்தவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“சரி. ஒண்டாக்கியாச்சு. வாற கோலை நீங்களே எடுத்து எழுதுங்கோ. எனக்கு மெசினடியில வேலை கிடக்கு.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று யோகராசா எதிர்பார்க்கவில்லை. ஒரே நாளில் கயிறு பிடிக்கிறவர் முகாமையாளர் ஆகிவிட்டார். சேட்டுப் பையில் பென்சிலைக் குத்திக்கொண்டார்.

அடுத்த நாள் காலை போன் அடிக்கத் தொடங்கியது. அடுப்படியில் இருந்து ஒருத்தி, பஸ்ஸுக்குள் இருந்து ஒருத்தி, பல் விளக்கிக்கொண்டு ஒருத்தி. ஆம்பிளைக் குரலைக் கேட்டுப் பாதிப்பேர் வைத்துவிட்டார்கள். மீதிப்பேர் கதைத்தார்கள், அதுதான் இன்னும் மோசம். பானைக் கழுத்து, படகுக் கழுத்து என்று அவர்கள் சொல்ல, இவருக்குத் தெரிந்தது படகு மட்டும்தான். கிண்ணியாவிலிருந்து பஹ்மியா, தங்கச்சியின் கலியாணத்துக்கு ஏழு சட்டைக்கு ஏழு முறை எடுத்தாள்.

பின்னேரம் புஸ்பராணி கொப்பியைப் புரட்டினாள்.

“இதென்ன, கை எட்டு அடி?”

“எட்டெண்டுதான் சொன்னவ.”

“எட்டு அங்குலம்! நீங்கள் அடி எண்டு எழுதியிருக்கிறீங்கள். இது பஹ்மியாவின்ர தங்கச்சிக்கோ, துறைமுகக் கிரேனுக்கோ?”

“கயிறு அளந்த கை புஸ்பம். அது பாட்டில அடியெண்டு எழுதிப்போட்டுது.”

போன் அடித்தது. யோகராசா பாய்ந்து எடுத்தார்.

“ஹலோ, யாரு நீங்க?” ஆம்பிளைக் குரல்.

“நீங்கள் ஆர்?”

“நான் கிண்ணியா றுவைஸ். என்ட பொண்டாட்டி பஹ்மியாட போன்ல இருந்து உங்களுக்கு இண்டைக்கு ஏழு கோல் வந்திருக்கு. அதான் யாரெண்டு கேக்கிறன்.”

“நான் யோகராசா.”

“யோகராசா அண்ணன், அவ உங்களோட என்னத்தக் கதைச்சா?”

யோகராசா உண்மையைத்தான் சொன்னார். “அளவு சொன்னவ.”

அந்தப் பக்கக் குரல் இறங்கியது: “என்னத்திட அளவு?”

யோகராசா போனைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் மெசினை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலை முழுதாக முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அதற்குப் பிறகுதான் எழும்பி வந்தாள்.

“றுவைஸ் தம்பி, நான் தையல் புஸ்பராணி அக்கா.”

“அல்லாஹ்! அக்கா, நீங்களா? போன் எடுக்கிற ஆள மாத்திட்டீங்களா?”

“நான் மாத்தேல்ல தம்பி. மாத்திப்போட்டினம்.”

மூன்றாம் நாள் கோதுமைக் கப்பல் வந்தது. அருளம்பலம் பதினொரு முறை எடுத்தார். பதினொரு முறையும் லைன் பிசி. கயிறு பிடிக்க ஓராள் குறைய, கலியாணச் சட்டை ஒன்றின் பின்கழுத்து அவ்வளவு பெரிய கப்பலை முக்கால் மணித்தியாலம் கடலில் நிறுத்தி வைத்தது. கடைசியில் அருளம்பலம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“யோகராசா, இனி ஒருக்கா இப்பிடி நடந்தால் உமக்குப் பதிலா வேற ஆளைப் போடுவன். விளங்கிச்சோ? கதிரையில இருந்து கதைச்சுக்கொண்டே இரும்!”

இவ்வளவையும் யோகராசா தாங்கிக்கொண்டிருப்பார். அவரை அடித்தது அன்று மத்தியானம் அவரே சொன்ன ஒரு சின்னக் கதை.

“‘கிளிவெட்டி ரீச்சர் கதைக்கிறன்’ எண்டு ஒருத்தி எடுத்தவ. மூண்டு தரம். என்ர குரலைக் கேட்டிட்டு வச்சிட்டா.”

புஸ்பராணியின் கை நின்றது. “பதினாறு வருசமா என்னட்டத்தான் தைக்கிறவ. முத்துமாரி அம்மன் திருவிழாச் சட்டை. இனி எடுக்கமாட்டா.”

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மேசையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சத்தம் போட்டிருந்தால் அவரும் சத்தம் போட்டிருப்பார். பொறுக்கிய நூலுக்கு என்ன பதில் சொல்வது?

“பிழைதான் புஸ்பம்,” என்றார். “உம்மைக் கேட்டிருக்கோணும். நம்பரைத் திருப்பி எடுத்துத் தாறன்.”

“என்ர பேரில எடுத்துத் தாறதெண்டால் வாறன்.”

“ஓம். உம்மட பேரிலதான்.”

நகரத்தில் இருந்த கொம்பனிக் கந்தோரில் பழைய பெயர்ப் பலகைக்கு மேல் புதுப் பலகையை ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஆறு கவுண்டர், இரண்டில் மட்டும் ஆட்கள். ஒன்றில் தனுஷிகா என்ற பிள்ளை இருந்தாள். “குறை நினைக்காதேங்கோ அண்ண,” என்றாள் களைத்துப்போய், “போன மாசம் வரைக்கும் நாங்கள் ஆறு பேர்.” ஒன்றானதில் அடிபட்டவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் மட்டும் இல்லை.

முப்பது நாளுக்குள் வந்ததால் நம்பர் திரும்பக் கிடைக்கும் என்றாள். படிவம் தந்தாள். ‘பெயர் மாற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் யோகராசா ‘குடும்ப நலன்’ என்று எழுதினார்.

“இது காணாது அண்ண. சரியான காரணம் எழுதோணும்.”

‘வசதிக்காக’ என்று எழுதி, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெட்டினார். பிறகு மெல்ல எழுதினார்: ‘இந்த நம்பரைப் பாவித்தவ எப்பவும் என் மனைவிதான். நான் அட்டை மட்டும் குடுத்தனான்.’

தனுஷிகா வாசித்துவிட்டு முதல்தரம் சிரித்தாள். கணினியில் நாலு தட்டுத் தட்டினாள். நம்பர் புஸ்பராணியின் பெயருக்கு வந்தது.

“இனி உங்கட நம்பருக்குத் திருப்பிவிட்டதை நிப்பாட்டோணும். அடையாள அட்டையைத் தாங்கோ.” வாங்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள். “அண்ண, இந்த நம்பர் உங்கட பேரில இல்லையே.”

“என்ன? பத்தொன்பது வருசமா நான்தானே கதைக்கிறன்!”

“இது அக்காவின்ர பேரில எல்லோ கிடக்கு.”

யோகராசா பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார். இரண்டு சிம்மும் ஒரே நாளில், ஒரே கடையில் எடுத்தவை. கடைக்காரன் இரண்டு அட்டையையும் வாங்கி, அவசரத்தில் இவர் அட்டையில் அவள் சிம்மையும், அவள் அட்டையில் இவர் சிம்மையும் பதிந்துவிட்டான். அட்டையும் போனும் காட்டாமல் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாத யுத்தகாலம் அது. நல்லகாலம், சிம் யாருடைய பெயரில் என்று ஒருவனும் பார்க்கவில்லை.

“உமக்குத் தெரியுமோ?”

“ஓம்,” என்றாள் புஸ்பராணி. “ஒண்டாகின கையோட கொம்பனி கடிதம் போட்டது. உங்கட நம்பருக்கு, என்ர பேரில.”

“பிறகேன் சொல்லேல்ல? என்ர நம்பரை நீர் எப்பவோ குடுத்திருக்கலாமே!”

“உங்களைக் கேக்காமலோ?”

தனுஷிகா இடையில் வந்தாள். “பிரச்சினை இல்ல அண்ண. அக்கா ஒரு கையெழுத்து வச்சால் இதையும் இப்பவே உங்கட பேருக்கு மாத்தித் தாறன்.”

யோகராசா படிவத்தையும் பேனையையும் இரண்டு கையாலும் மனைவிக்கு நீட்டினார். அவள் படிவத்தை முழுக்க வாசித்தாள். நாலாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துப் பூட்டினாள்.

“வேண்டாம் தங்கச்சி. அது என்ர பேரிலேயே இருக்கட்டும்.”