நிரபராதி வீட்டு ஆணிகள்

எங்கள் தோட்டத்தில் குற்றம் செய்யாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் நிரபராதி ஒருவர்தான். கேகாலைப் பக்கத்து இந்த ரப்பர் மலையில் யாரைக் கேட்டாலும், "நிரபராதி வீடா? கடைசி லயத்து வீடு, வாசல்ல ஒரு சண்டைச் சேவல் நிக்கும், பாத்துப் போங்க" என்று வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கே மறந்துபோய்விட்டது.

அதற்கு முன்னால் அவர் சாவி அண்ணன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ரம்புக்கனையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகிறவர்கள், யாரானாலும் வீட்டைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்குவார்கள். ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்த மனிதர், வீட்டைவிட்டு நகரமாட்டார். சாவி மாட்டவென்றே சுவர் நிறைய ஆணி அடித்து வைத்திருந்தார். வாங்கிய சாவியைச் சும்மா தொங்கவிடவும் மாட்டார். கோழிக்குத் தீனி போடுவார், கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டி வைப்பார், வீட்டுக்காரர் திரும்பியதும் விவரம் ஒப்பிப்பார்.

"ஒங்க மாமியா படம் கோணலா இருந்துச்சும்மா, நிமித்தி வச்சிட்டேன்."

"கோணலாவே கெடக்கட்டும்னுதாண்ணே விட்டிருந்தேன்!"

இப்படிப்பட்டவர் மேல்தான் பழி விழுந்தது. கோயில் தலைவர் குடும்பத்தோடு பலாங்கொடையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அவர் வீட்டில் வைத்திருந்த கோயில் ஆம்ப்ளிஃபையரைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது அண்ணனிடம். அப்புறம் கேட்க வேண்டுமா?

பொலிஸ் வந்தது காலையில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் கூடி நிற்கிற நேரம். ஜீப் மேலே ஏறாததால் அண்ணனை அத்தனை பேர் நடுவிலும் நடத்திக் கூட்டிப்போனார்கள். தேரில் வருகிற அம்மனைக்கூட எங்கள் சனம் அப்படி எட்டி எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கே ஒவ்வொருவராக வந்து அவர் மனைவி செல்லம்மா அக்காவிடம் சாவியைத் திருப்பி வாங்கினார்கள். ஒருத்தி, "சாவிக்கு எண்ணெ போடணும்க்கா" என்றாள். சாவிக்கு எண்ணெய் போட்டவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் பிணையில் வந்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அந்த ஆம்ப்ளிஃபையர் மாவனல்லையில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்றில் சுகமாக உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது வேறு யாருமல்ல, தலைவரின் சொந்த மச்சான். கல்யாணத்துக்குப் புறப்பட்ட அமளியில், திருவிழாவுக்குள் திருத்திக் கொடுத்து அத்தானை அசத்திவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். போன இடத்தில் கட்டார் வேலைக்கு அழைப்பு வர, விமானம் ஏறிவிட்டார். ஆம்ப்ளிஃபையர் ஞாபகம் மட்டும் ஏறவில்லை.

தீர்ப்பு நாளில் செல்லம்மா அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். நீதவான் சிங்களத்தில் சொன்னதை வடக்கிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஐயா தமிழில் சொன்னார்: "நீங்கள் நிரபராதி எண்டு தீர்ப்பு. இனிப் போகலாம்."

அண்ணன் அசையவில்லை. "போறது கெடக்கட்டும் சாமி. அந்த மொத வார்த்தய இன்னொருக்கா சொல்லுங்க."

என்ன கேட்கிறார் என்று நீதவான் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினார். ஐயா மறுபடியும் சொன்னார். அண்ணன் கூண்டுக்குள் நின்று கும்பிட்டார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தச் சொல்லைப் பாடம் பண்ணிக்கொண்டே வந்தார்.

சந்தியில் இறங்கினால் கடை முதலாளி, "ஆ, நிதஹஸ் த?" என்றார். விடுதலையா என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"நிதஹஸ் நெமெயி முதலாளி, நிதொஸ்!" என்றார் அண்ணன். விடுதலை இல்லை, குற்றமே இல்லை என்று அர்த்தம். முதலாளி பயந்துபோய் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

லயத்தில் யாராவது, "விட்டுட்டாங்களாமே!" என்று சந்தோஷப்பட்டால் பிடித்துக்கொள்வார். "விட்டாங்கன்னு சொல்லாத. பொறியில மாட்டுன எலியத்தான் விடுவாங்க. நான் நிரபராதி."

மறுநாள் விடியக்காலை பின்பாதையால் இறங்கிப்போய், பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிய பிறகு, வேட்டி சட்டையோடு நடுவழியாக ஏறி வந்தார்.

கணக்கப்பிள்ளை கேட்டார்: "என்ன பெரியவரே, எங்கேருந்து வாறீங்க?"

"கோட்டுலேருந்து."

"அது நேத்தே முடிஞ்சிருச்சே!"

"நேத்து நீங்க யாரும் பாக்கலியே. போனதப் பாத்தீங்கல்ல, வாறதயும் பாருங்க."

அதற்குப் பிறகு மலையில் எந்த வழக்கானாலும் அவரே நீதவான். கருவாட்டைத் தின்றதாக எங்கள் வீட்டு நாய் அடி வாங்கப்போன நேரத்தில் குறுக்கே வந்து, அதன் வாயை முகர்ந்து பார்த்து, "நாய் நிரபராதி. பூனையக் கூப்புடு" என்றார். சோறு அடிப்பிடித்தால், "அடுப்பு நிரபராதி" என்பார். செல்லம்மா அக்கா அகப்பையை எடுப்பார். ஆனால் அந்தச் சொல்லை எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார். குடித்துவிட்டு அடிதடி செய்த பொடியன் ஒருத்தன், சாட்சிக்காரன் வராததால் வழக்கிலிருந்து தப்பி வந்து, "மாமா, இனி நானும் நிரபராதி!" என்று கட்டிப்பிடித்தான்.

கையைத் தட்டிவிட்டார். "சாச்சி வரல, நீ வந்துட்ட. அம்புட்டுத்தான். என் பேரத் தொடாத."

எல்லோரும் சிரித்தோம். கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். சாவியை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வாசலை வேகமாகக் கடந்தார்கள். அவர் தினமும் ஆணிகளைத் துணியால் துடைத்து வைத்தார், துருப்பிடித்துவிடும் என்று.

"அந்தச் சொல்ல வச்சி என்னங்க பண்றது? ஆணியில தொங்குமா?" என்று ஒருநாள் செல்லம்மா அக்கா கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் யாரையும் திருத்தவில்லை. கடை முதலாளியே ஆள் அனுப்பி, காய்ச்சலா என்று கேட்டார்.

போன மாரியில், தலைவரின் மகளுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று அழைப்பு வந்தது. குடும்பமே புறப்பட்டது. முச்சக்கரவண்டி கீழே ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி லயத்துக்கு ஏறி வந்தார். அவராக வந்தாரா, சம்சாரம் தள்ளிவிட்டாரா, தெரியாது. அண்ணன் வாசலில் சேவலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடென்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"மாமா, சாவி..." என்று நீட்டினார் தலைவர்.

அண்ணன் கையை நீட்டவில்லை.

"திரும்பி வர நாலஞ்சி நாளாகும். ஆம்ப்ளிஃபையரும் உள்ளதான் இருக்கு மாமா."

தலைவர் குடையை மடக்கினார். "ஊருக்கு முன்னால நான் சொல்லியிருக்கணும். சொல்லல. நீங்க நிர..."

"அத விடுங்க தலைவரே" என்று சட்டென்று சாவியை வாங்கிக்கொண்டார் அண்ணன். "கோழி எத்தன நிக்குது? காலையில என்ன போடுவீங்க? மொதல்ல எறங்குங்க, புள்ள வலியில கெடக்கும்."

தலைவர் இறங்கிப் போனார். அண்ணன் உள்ளே போய் நடு ஆணியில் சாவியை மாட்டினார். பிறகு நெடுநேரம் வெளியே வரவில்லை. சேவல் ஈரத்தோடு வாசலிலேயே நின்றது.

தலைவர் கொடுத்தது தெரிந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது அவர் வாயில் அந்தச் சொல்லே வருவதில்லை, அந்தப் பேரால் கூப்பிடுகிறது நாங்கள்தான். எனக்குப் போக ஊரும் இல்லை, பஸ் ஏறினால் தலையும் சுற்றும். இருந்தாலும் என் வீட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி, அந்தச் சுவரில் மாட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.