பின்னூட்டமும் புர்சுக்கின் காதும்

ஆம்ப்ளிஃபயரில் பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் சுவிட்சைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அதன் பின்பக்க அலுமினியத் தகட்டில் முட்டை பொரிக்கலாம். அதைவிட விநோதம், சுவிட்சைப் போட்ட நொடியிலேயே கீழே மூன்றாம் மாடியில் ஸாம்ஃபிரா அம்மாளின் நாய் புர்சுக் குரைத்தது. அணைத்தால் குரைப்பும் நின்றது.

கோர்னெல் தலையைச் சொறிந்தார். க்ரயோவா நகர எஞ்சின் ஆலையில் எலக்ட்ரீஷியன். குடியிருப்புக்கு நிர்வாகியும் அவரே. வியாழக்கிழமை மே தின விழா. மேடையில் இயக்குனரின் குரல் கரகரத்தால், மறுநாளே கொதிகலன் பிரிவுக்கு மாற்றம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நேத்து வரைக்கும் கரகரன்னுதானே இருந்துது? என்ன பண்ணீங்க?" என்றாள் மனைவி லுக்ரேசியா.

"பின்னூட்டத்தைக் கூட்டினேன். நீ சோர்பா சூப்பை ருசி பார்த்துப் புளிப்பைச் சரிபண்றியே, அது மாதிரி. வெளிய வர்ற ஒலில கொஞ்சம் எடுத்து, தலைகீழாக்கி உள்ள அனுப்பினா, தப்பு தானா கழிஞ்சிடும்."

"அப்புறம் ஏன் இந்தச் சூடு?"

"திருத்தம் நேரத்துக்கு வரணும். லேட்டா வந்தா, ஊஞ்சலை நிறுத்தப் போன கை பின்னாலேர்ந்து தள்ளிவிட்ட மாதிரி. கருவி தானாவே ஊளையிடும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. நாய்க்குக் கேக்கும்!" கோர்னெலின் முகம் மலர்ந்தது. நம் காதுக்கு எட்டாத கீச்சொலி நாய்க்கு எட்டும். அலையைக் காட்டும் கருவி ஆலையில்கூட ஒன்றுதான் இருக்கிறது. இங்கே ஒன்று நாலு காலில், இலவசமாக!

முதலில் பின்னூட்டத்தைப் பாதியாகக் குறைத்தார். சளி பிடித்த சேவலாகக் கரகரப்பு திரும்பி வந்தது. புர்சுக் குரைப்பதை நிறுத்தவில்லை.

பின்னூட்டத்தைப் பழையபடி வைத்துவிட்டு, உள்வாயிலில் பெரிய கபாசிட்டர் ஒன்றைப் போட்டுக் கீச்சொலிகளை வடிகட்டினார். வயலின் போர்வைக்குள்ளிருந்து அழுதது. புர்சுக் குரைத்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடைசி அஸ்திரம். ஸ்பீக்கரையே நாயிடமிருந்து தள்ளி வைத்துவிட்டால்? இருபது மீட்டர் ஒயரைப் பால்கனிக் கம்பி நெடுக இழுத்து, மறு கோடியில் ஸ்பீக்கரை வைத்துச் சுவிட்சைப் போட்டார்.

புர்சுக் குரைக்கவில்லை. ஊளையிட்டது.

கதவுகள் படபடவென்று திறந்தன. இரண்டாம் மாடி இலியே, கையில் முள்கரண்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். "நிர்வாகித் தோழரே, இந்த நாய்த் தொல்லை தாங்கல! ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கா ஒரு நாய் குரைக்கும்?"

"மத்த நாள்ல குரைக்கலாமா?"

இலியே தயங்கினார். "மத்த நாள்ல... பரவாயில்ல. சனிக்கிழமை எட்டு மணிக்கும் குரைக்கக் கூடாது."

அடுத்து வந்த தையற்காரரும் அதையேதான் சொன்னார். கிழமை, மணி உட்பட.

"அஞ்சே நிமிஷம். ஆம்ப்ளிஃபயர் ஓடட்டும், நான் நாயைச் சரிபண்றேன்" என்று கோர்னெல் ஒரு பொட்டலம் பஞ்சோடு மூன்றாம் மாடிக்கு இறங்கினார்.

ஸாம்ஃபிரா அம்மாள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். "பஞ்சு எதுக்கு, தோழரே?"

"புர்சுக் காதுல வைக்க. என் கருவி போடற கீச்சு அதைப் படுத்துது."

"காதா? அது செவிடாகி ரெண்டு வருஷம் ஆச்சே!"

"அப்ப எதுக்குக் குரைக்குது?"

ஸாம்ஃபிரா அம்மாள் கதவை மூடப் பார்த்தார். உள்ளேயிருந்து லுக்ரேசியாவின் குரல் வந்தது.

"மறைச்சது போதும்மா, திறந்து விடுங்க. ஏங்க, நீங்க சுவிட்சைப் போட்டா டிவில கோடு கோடா ஓடுது. அதைப் பார்த்துதான் குரைக்குது. பல்கேரியா டிவில மேட்ச் ஆரம்பிச்சதுலேர்ந்து கோடுதான். இந்தக் கட்டடமே திருட்டுத்தனமா வெளிநாட்டு டிவி பாக்குதுன்னு யாரு நிர்வாகிகிட்ட வந்து சொல்றது?"

உள்ளே சோபாவில் ஆறு பேர், தரையில் நான்கு பேர். நடுவில் புர்சுக், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

கோர்னெலும் திரையைத்தான் பார்த்தார், பந்தை அல்ல, கோடுகளை. "டிவி வரைக்கும் வருதுன்னா இது நாய்க்குக் கேக்கற கீச்சே இல்ல. ரேடியோ அலை! ஸ்பீக்கர் ஒயர்தான் திருத்தத்தை லேட்டாக்குது, நீளமானா இன்னும் மோசம். அதுவே ஏரியலாவும் நிக்குது."

"மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதப் போறீங்களா?" என்று பின்னாலிருந்து இலியே மெதுவாகக் கேட்டார்.

"முதல்ல செம்புக் கம்பி எடுக்கப் போறேன்."

பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் மேல் பன்னிரண்டு சுற்றுச் செம்புக் கம்பி சுற்றி, இரண்டையும் பக்க இணைப்பாக, ஒயரின் தொல்லை உள்ளே எட்டாதபடி ஆம்ப்ளிஃபயரின் வெளிவாயிலுக்கும் ஒயருக்கும் நடுவே பற்றவைத்தார். பின்னூட்டம் முழுசாக இருந்தும் தகடு குளிர்ந்தது, பாட்டு பளிங்காக வந்தது, இரண்டாம் பாதியில் பல்கேரியா தெளிவாகத் தெரிந்தது.