கேண்டீன் குறைகள், ஒரே பக்கத்தில்

"எந்த மகானுபாவன்யா இதை டைப் அடிச்சது?" என்று பட்டாசு போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டு அக்காவின் பேனா கீழே விழுந்தது.

பம்ப் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், ஸ்டோர்ஸ் கிளார்க்கான அவருக்கு ஆபீஸ் வைத்த பேர்தான் பட்டாசு. திரியைக் கிள்ள வேண்டியதில்லை, பக்கத்தில் போய் நின்றாலே வெடிப்பார். ஆனால் இன்றைய கோபத்தில் நியாயம் இருந்தது. கேண்டீன்காரர்களின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா, வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று முதலாளி இன்று காலைதான் முடிவு செய்கிறார். அதற்காக ஊழியர்கள் எல்லோரும் ஆளுக்கொரு படிவம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். யாரோ அதையெல்லாம் எக்செல் ஃபைலில் டைப் அடித்து வைக்க, தொகுத்து ரிப்போர்ட் ஆக்கும் வேலை பட்டாசு தலையில் விழுந்தது.

பட்டாசுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. அவர் மனைவி விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும், டப்பா கட்ட நேரமில்லை. மத்தியானத்துக்குக் கேண்டீனை விட்டால் பட்டினிதான். இதே சாப்பாட்டைத் தொடர்ந்தால் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். இந்தக் கேண்டீன்காரர்களை ஒழித்துக்கட்டும் ரிப்போர்ட்டைத் தன் கையாலேயே செய்யக் கிடைத்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம், ஃபைலைத் திறக்கும் வரை.

ஒருவர் எழுதியது அத்தனையும் ஒரே கட்டத்தில் திணிக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, "குறை எழுதுமுன் ஒரு நிறையாவது எழுதவும்" என்று மேனேஜர் படிவத்திலேயே போட்டிருந்தார். சாப்பாட்டில் நிறை கிடைக்காத ஜனம் மண்டையை உடைத்துக்கொண்டு என்னென்னவோ எழுதியிருந்தது. 'ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, ருசி இல்லை, வேகவில்லை.' 'கை கழுவத் தண்ணீர் வருகிறது, வேகல.' 'ஜன்னல் பெரியது, அரைவேக்காடு, ருசியே இல்லை.'

"பட்டியலைப் பிரிச்சு அடுக்க எக்செல்ல குவெரின்னு ஒண்ணு இருக்கே, அதுல போடுங்களேன்" என்றார் அக்கா.

"எனக்குத் தெரியாதா? அதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்!"

கமா வரும் இடத்திலெல்லாம் வெட்டி, துண்டுகளைப் பட்டியலாக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டார். ஆக்கியது. ஆனால் 'வேகவில்லை' ஒன்றாகவும், முன்னால் ஒரு இடைவெளி விட்ட 'வேகவில்லை' இன்னொன்றாகவும் தனித்தனியே நின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் நறுக்கச் சொன்னார். நறுக்கியது. அப்புறமும் 'வேகல', 'வேகலை', 'அரைவேக்காடு' என்று ஒரே குறை பல வேஷம் கட்டிக்கொண்டு திரிந்தது.

"ஒருத்தனுக்காவது ஒழுங்கா எழுதத் தெரியுதா பாருங்க அக்கா!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாற்றுப் பட்டியல் தயாரித்தார். வேகாததெல்லாம் 'வேகவில்லை', ருசி கெட்டதெல்லாம் 'ருசி இல்லை' என்று ஆனது. இப்போது குறைகள் பட்டாளம் மாதிரி ஒரே சீருடையில், பக்கம் பக்கமாக அணிவகுத்து நின்றன. பார்க்கவே கண் குளிர்ந்தது.

மேனேஜர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, வேகவில்லை, வேகவில்லைன்னு நாலு பக்கத்துக்கு? முதலாளி ரெண்டாவது பக்கத்தைத் திருப்பவே மாட்டார். சொன்னதையே சொல்லாம ஒரே பக்கத்துல கொடு."

"சார், அத்தனை பேர் சொல்லியிருக்காங்க..."

"ஒரு தடவை சொன்னா முதலாளிக்குப் புரியாதா? எடுய்யா!"

பட்டாசுக்குக் காது சிவந்தது. 'எடுக்கிறேன், எல்லாத்தையும் எடுக்கிறேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே, இரட்டித்ததை நீக்கும் ஃபங்க்ஷனைப் போட்டார். அகர வரிசையில் அடுக்கினார். கோபத்தில் ஒரு தடவை கூடப் படித்துப் பார்க்காமல் பிரிண்ட் பட்டனைக் குத்தினார். மேனேஜர் தாளைச் சுடச்சுட உருவிக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினார்.

அக்காதான் திரையைப் பார்த்தார். "என்ன தம்பி, ஒரே பாராட்டா இருக்கு?"

பட்டாசு பார்த்தார்.

எல்லோரும் ஒரே குரலில் சொன்ன குறை என்பதால் குறைகள் மொத்தமும் இரண்டே வரியாகச் சுருங்கி, 'ருசி இல்லை', 'வேகவில்லை' என்று அடிமட்டத்தில் அநாதையாகக் கிடந்தன. நிறையை மட்டும் ஆளுக்கொரு விதமாக யோசித்து எழுதியிருந்தார்களே! ஃபேன், ஜன்னல், குழாய், தட்டின் பளபளப்பு, பரிமாறுபவரின் சிரித்த முகம் என்று பக்கம் முழுக்க வாழ்த்து மடல்.

"பாவிப் பய ஃபங்க்ஷனே!" என்று கத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையோடு புதுத் தாள் எடுத்துக்கொண்டு ஓடினார்.

முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த மேனேஜர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். "அருமையான ரிப்போர்ட்யா! ஒரே பக்கம்! முதலாளிக்குத் தலைகால் புரியலை. கேண்டீன்காரரை உள்ளே கூப்பிட்டு ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்தே வாங்கியாச்சு."

"அது தப்பான ரிப்போர்ட் சார்!"

"நீ செஞ்சதுதானே?"

பட்டாசு வாயைத் திறந்தார். வெடிக்கவில்லை. கம்பெனி வரலாற்றில் அது முதல் தடவை.

மத்தியானம் கேண்டீனில் வெடித்தார். தட்டை மேடையில் டமாரென்று வைத்தார். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அவ்வளவு பேர் காறித் துப்பியும் ரெண்டு வருஷம் நீட்டிக்கறாங்கன்னா என்ன அர்த்தம்? மேனேஜருக்கு எவ்வளவு கொடுத்தீங்க? சொல்லுய்யா!"

பரிமாறுபவர் கரண்டியைக் கீழே வைத்தார். படிவத்தில் ஒருவர் புகழ்ந்திருந்த அந்தச் சிரித்த முகத்தில் இன்று சிரிப்பில்லை.

"நாங்க கொடுக்கறதா? எங்களுக்கே இங்க கட்டுப்படியாகலை, இந்த மாசத்தோட கடையைக் கட்டிக்கறோம்னு காலையில எங்க ஓனர் எழுதியே கொடுத்துட்டார் சார். எவனோ போட்ட ரிப்போர்ட்டைக் காட்டி, உங்க முதலாளிதான் கட்டணத்தையும் ஏத்தித் தர்றேன்னு கெஞ்சிக் கூத்தாடிப் பிடிச்சு வச்சுட்டார். யாரு பெத்த புள்ளையோ, எங்களையும் போக விடலை, உங்களையும் பிழைக்க விடலை!"