எருமைக்கு எடுத்த பாராட்டு விழா

ஒரு காட்டுல, அதுவும் கரண்ட்டுக் கம்பமே எட்டிப் பாக்காத காட்டுல, ஒரு கம்ப்யூட்டர் வந்து எறங்குச்சு. கரண்ட்டு இல்லாம எப்பிடி ஓடுச்சுன்னு கேக்குறியா? மின்மினிப்பூச்சிங்கள டப்பாவுல அடைச்சு ஓட்டுனாங்க. ஷிப்டு போட்டு.

உள்ள இருந்தது பட்ஜெட் சாப்ட்வேர். பாலைவனத்துல ஒட்டகங்க ஆபீஸ்ல ஜோரா ஓடுதுன்னு கேள்விப்பட்டு, சிங்கராஜா அதையே அப்பிடியே வாங்கிட்டு வந்துட்டாரு. இனிமே காட்டுல யாருக்கு எது வேணும்னாலும் அதுல ஏத்தணும். ஏத்துனாத்தான் வேலை நடக்கும்.

திரையில ராஜாவுக்குப் புரியிறது ரெண்டே கலருதான். பச்சைன்னா காடு நல்லாருக்கு. சிவப்புன்னா யாரையாவது கடிக்கணும். கடிக்கக் கைக்கெட்டுற தூரத்துல ஒக்காந்திருந்தது யாரு? சாப்ட்வேரப் பாத்துக்குற கொரங்கு அங்கமுத்து. அதனால அவனுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான்: பச்சை மாறாமப் பாத்துக்கிறது.

இந்த நேரத்துல பொன்னுருவின்னு ஒரு எருமைக்கு வந்துச்சு சோதனை. அவ குடிக்கிற குளம் மண்ணு மூடித் தூந்து போச்சு. கோடைக்குள்ள தூர் வாரலைன்னா அவளும் போயிருவா, அவ கன்னுக்குட்டியும் போயிரும். முன்னெல்லாம் ராஜாகிட்ட போயி ஒரு கத்து கத்துனா, அவரு பதிலுக்கு ஒரு கத்து கத்துவாரு, காட்டுப்பன்னிங்க வந்து தோண்டிக் குடுத்துட்டுப் போகும். இப்பத்தான் சிஸ்டம் வந்துருச்சே!

“டேய் அங்கமுத்து, குளத்தத் தூர் வாரணும். ஏத்துடா.”

“எந்தத் தலைப்புலக்கா ஏத்துறது?”

“குளம்னு ஏத்து.”

அங்கமுத்து தேடுனான். மணல் இருக்கு. கூடார வாடகை இருக்கு. ஒட்டகத்துக்குத் திமில் தேய்ச்சு விடுற கூலி இருக்கு. குளம் மட்டும் இல்ல.

“ஒட்டகங்க நாள்கணக்குல குடிக்காம இருக்குமாம்க்கா. அதான் அவுங்க சாப்ட்வேர்ல குளமே கெடையாது.”

“நான் ஒட்டகமாடா?”

“அது சிஸ்டத்துக்குத் தெரியாதேக்கா. நீ வேணா முதுகக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நில்லேன், பாப்போம்.”

பொன்னுருவி மொறச்ச மொறப்புல, பயந்து போயி ‘இதர செலவு’ல ஏத்திப் பாத்தான். திரை முழுக்கச் சிவப்பு. குகைக்குள்ள ராஜா கனைக்கிற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான், வாலாலயே அழிச்சுட்டான்.

குளம் வத்திக்கிட்டே போச்சு. ஆனா கூத்தப் பாரு. அந்தச் சாப்ட்வேர்ல ‘தண்ணிச் செலவு’ன்னு ஒரு கட்டம் உண்டு. எவ்வளவு கம்மியாக் குடிக்கிறியோ அவ்வளவு பச்சை. பொன்னுருவிக்குக் குடிக்கவே இல்லையா, அவ கட்டம் வாழையிலை கணக்கா மின்னுது. ராஜா கூப்புட்டு விட்டாரு.

“பொன்னுருவி! காட்டுலயே சிக்கனமான ஆளு நீதான். எப்பிடிம்மா சாதிச்ச?”

“தண்ணியே இல்ல ராஜா.”

“அடக்கத்தப் பாருங்கடா!”

“நாக்கு ஒட்டிக்கிது ராஜா.”

“பேச்சுலயும் சிக்கனம்! இவளுக்கு ஒரு பாராட்டு விழா எடுங்கடா!”

அங்கமுத்து சிவப்புக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டு ‘விழா’ன்னு அடிச்சான். தொறந்து பாத்தா பச்சை! எவ்வளவு செலவு ஏத்துனாலும் பச்சை! ஒட்டக ஆபீஸ்ல பெரிய ஒட்டகத்துக்கு மாலை மரியாதைன்னா உசுராம். அந்தத் தலைப்பு மட்டும் செத்தாலும் சிவக்காதபடி பண்ணி வெச்சிருக்காங்க.

பொன்னுருவி இத ஓரக்கண்ணால பாத்தா. எருமைக்கு மந்தபுத்தின்னு ஊரே பேசும். தாகத்துல அவள நிக்க வெச்சுப் பாரு, புத்தி குதிரையாட்டம் ஓடும்.

“ராஜா, விழான்னா மேடை வேணுமே.”

“போட்டுக்க.”

“ஒசரமாப் போட்டா நான் மேல நிப்பேன், நீங்க கீழ நிப்பீங்க. பாக்குறவன் என்ன பேசுவான்?”

ராஜாவுக்குப் பிடரி சிலுத்துக்கிச்சு. “அதுக்கு என்ன பண்ணணும்ங்கிற?”

“மேடையக் கீழ்நோக்கிக் கட்டிருவோம். நீங்க கரையில கம்பீரமா நில்லுங்க. நான் பள்ளத்துல நின்னு வாங்கிக்கிறேன். அந்தக் காஞ்ச குளம் சும்மாத்தான கெடக்கு?”

“எம்புட்டு ஆழம்?”

“உங்க பெருமைக்குத் தக்கன.”

“அப்ப நெறையாத் தோண்டணும்,”ன்னாரு ராஜா, கொஞ்சங்கூட வெக்கப்படாம.

காட்டுப்பன்னிங்க வந்து எறங்குச்சுங்க. அதுல ஒண்ணு மூக்கத் தூக்கிக் கேட்டுச்சு: “அக்கா, மேடைன்னா மேலதான போகும்?”

“நீ என்ன இஞ்சினியரா? பேசாமத் தோண்டுடா!”

தோண்டுனாங்க, வாலு மட்டும் வெளிய தெரியிற வரைக்கும் தோண்டுனாங்க. ஊத்துக் கண்ணு தொறந்துச்சு பாரு!

விழா அன்னிக்கிப் பொன்னுருவி மேடையில கழுத்து வரைக்கும் நின்னா. கன்னுக்குட்டி அவளச் சுத்தி நீச்சலடிக்குது. ராஜா கரையில இருந்து மாலையப் போட்டாரு. அது மெதந்து போயிருச்சு.

“டேய் அங்கமுத்து, மேடையில என்னடா தண்ணி?”

அங்கமுத்து திரையப் பாத்தான், தண்ணியப் பாத்தான், ராஜாவோட பல்லப் பாத்தான். “சிஸ்டத்துல மேடைன்னுதான் இருக்கு ராஜா. பச்சையாத்தான் இருக்கு.”

“அப்ப மேடைதான்,”ன்னாரு ராஜா. கட்டம் சிவந்துரும்னு அவருந்தான் எத்தன நாளைக்கு எச்சியையே முழுங்குவாரு? மெல்லக் குனிஞ்சாரு. “மேடை நல்லாப் போட்டிருக்காங்களான்னு பாக்குறேன்,”னு சொல்லிக்கிட்டே லொளக் லொளக்குன்னு பாதி மேடையக் குடிச்சுட்டாரு. அதுக்கப்பறம் காடே வரிசையில நின்னு மேடையப் பரிசோதனை பண்ணுச்சு. தண்ணிச் செலவுக் கட்டம் சிவந்துச்சான்னா, அதான் இல்ல. குடிச்சது மேடையத்தான?

மறுநாள் மான் ஒண்ணு வந்து, புல்லு வேணும்னு நின்னுச்சு. அங்கமுத்து காதுல சொன்னான்: “புல்லுன்னு கேட்டு என்னையக் கடிவாங்க வெக்காத. யாருக்காவது பிரிவுபசார விழான்னு சொல்லு.”

இப்ப அந்தக் காட்டுல வேலைன்னு ஒண்ணுமே நடக்குறதில்ல. விழாதான் நடக்குது. எல்லாருக்கும் வயிறு ரொம்பி இருக்கு.

நீதி: உசுரு போகப் போகுதுன்னு ஏத்துனா ஒண்ணும் வராது. உசுரு போனதுக்கு விழான்னு ஏத்து, சாமியானாவோட வந்து எறங்கும்.