கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம்

நான் கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றிய நாள்களில்தான் எங்கள் வீட்டுக்குப் பெரிய செலவுகள் வந்திருக்கின்றன. எட்டு வருடங்களுக்கு முன், செம்பூர் ஃபிளாட்டில் வயரிங் மாற்றியபோது நடந்ததை நினைத்தால், அந்த முப்பத்தைந்து வயது மேதாவியின் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருக்கிறது.

வேலை செய்தவர் தாராவியிலிருந்து வந்த பாண்டி. அதிர்ந்து பேசாத மனிதர். படுக்கையறை மட்டும் பாக்கி இருந்தது. சனிக்கிழமை கிளம்பும்போது, "சார், கழட்டுன பழைய ஒயரு பால்கனில கெடக்கு. பழைய சாமான் எடுக்குற பங்கார் கடையில போட்டா காசு வரும்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன், திருடனை விசாரிக்கும் போலீஸ்காரன் தோரணையில். செம்புக் கம்பியை விற்றே எலெக்ட்ரீஷியன்கள் மாடி வீடு கட்டுகிறார்கள் என்று ஆபீஸில் ஒருவன் சொல்லியிருந்தான். (சொன்னவன் டோம்பிவிலியில் வாடகைக்கு இருந்தான். ஆனாலும் நிபுணன்!)

அவர் போனதும் பால்கனியைச் சோதனை போட்டேன். இரண்டு சாக்குகள். ஒன்றில் அழுக்கேறிய ஒயர்கள். இன்னொன்றில் அளவாக வெட்டி, அழகாகச் சுருட்டி, நூல் கட்டிய சுருள்கள். மூளை உள்ளவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? எனக்கோ, 'நல்ல சரக்கைத் தனியாகப் பிரித்து ஒளித்து வைத்திருக்கிறான்' என்று தோன்றியது.

"ஏன்னா, அதைத் தொடாதீங்கோ. பாண்டி வரட்டும், கேட்டுண்டு பண்ணலாம்" என்றாள் என் மனைவி சித்ரா.

"அவன் வந்தா ஒண்ணும் மிஞ்சாது" என்றேன்.

மேலுறை இல்லாத செம்புக்குத்தான் நல்ல விலை என்று ஒரு வீடியோ சொன்னது. கத்தியால் உரிக்கப் பார்த்தேன். இரண்டாவது ஒயரிலேயே கட்டைவிரல் உரிந்தது. ஆகவே ஞாயிறு காலை, இரண்டு சாக்கையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்க் கொளுத்தினேன். கரும்புகை எழுந்து, பக்கத்துக் கட்டடம் கண்ணில் படாமல் போயிற்று. சொசைட்டி செக்ரட்டரி இடுப்புத் துண்டோடு ஓடி வந்தார்.

"அரே பாயி, பில்டிங் ஜலானா ஹை க்யா?" கட்டடத்தையே கொளுத்தப் போகிறாயா என்று கேட்டார்.

"பூஜா, பூஜா" என்றேன். (அந்த பிளாஸ்டிக் நாற்றத்துக்கு எந்தச் சாமி வரும்?) அபராதச் சீட்டு மத்தியானமே வந்தது.

கரி படிந்த கம்பிகளை அள்ளிக்கொண்டு தாராவிக்குப் போனேன். பழைய உலோகம் வாங்கும் கடை. தராசுக்குப் பின்னால் இசக்கியம்மாள் என்ற திருநெல்வேலி அம்மாள். கம்பியைச் சுரண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எதுக்கு சார் எரிச்சிய? அப்படியே உரிச்சுக் கொண்டாந்தா நல்ல வெல கெடைக்கும்லா. கரிஞ்சதுக்கு வெல கம்மி."

செல்போனை நீட்டி, அன்றைய செம்பு விலையைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பாதி எரிந்த ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஒற புத்தம் புதுசா இருக்கே. கடையில வாங்குன ஒயரயா எரிச்சிய?"

"இந்தத் தந்திரமெல்லாம் என்கிட்ட வேண்டாம்" என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு முறை வாசல்வரை நடந்தேன். யாரும் தடுக்காததால் இரண்டு முறையும் நானே திரும்பி வந்தேன். முக்கால் மணி நேரம் கத்தியதில், என் தொல்லை தாங்காமல் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டித் தந்தாள். உலகத்தையே ஜெயித்தவன் போல ஸ்வீட் பாக்ஸோடு வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை பாண்டி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், பெட்ரூமுக்கு அளந்து வெட்டி வச்ச புது ஒயரு எங்க?"

சித்ரா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் அவளே சொன்னாள். பாண்டி சிரிக்கவில்லை.

"நான் எடுத்துட்டுப் போயிருவேன்னு நெனச்சியளோ?"

"சேச்சே" என்றேன். அந்தப் பொய்யை என் மகள்கூட நம்பவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது.

விற்ற காசைப் போல மூன்று மடங்கு கொடுத்து மறுபடி ஒயர் வாங்கினேன். பாண்டி அன்று முழுக்க வேலை பார்த்தார். முடித்ததும், வெட்டி மிஞ்சிய விரல் நீளத் துண்டுகளைக்கூடப் பொறுக்கி, என் முன்னால் மேஜைமேல் வைத்தார். "எண்ணிக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்பதை அவரிடம் சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை.

போன மாதம் மகள் காலேஜுக்காகப் புது லேப்டாப் வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரிப்பதற்குள் சமையலறையிலிருந்து சித்ராவின் குரல் வந்தது.

"உள்ள வைடீ! அப்பா கண்ணுல பட்டா, நல்ல வெலைக்குப் போட்டுடுவார்."

மகள் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் குளிக்கப் போனாள்.