அனுமதி கேட்ட பல் டாக்டர்

நெறி போதிப்பவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால், தாகம் தீர்ப்பதன் மாண்பைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுவார்.

எண்பத்து மூன்றில் ரிங்லெட் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அப்படி ஒருவர் வந்தார். டாக்டர் அபூபக்கர். கோலாலம்பூரில் பல் மருத்துவ மாணவர்களுக்கு இஸ்லாமிய நோக்கில் தொழில் ஒழுக்கம் கற்பிப்பவர். எட்டு மாணவர்களை இலவச முகாமுக்கு அழைத்து வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சனத்தைச் சாட்சியாக வைத்து, நோயாளியின் உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதில் கை வைக்குமுன் அனுமதி கேட்பது கடமை, தவறினால் ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரிய கடமை என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சொன்னது அத்தனையும் சரி. வலிதான் பொறுக்கவில்லை.

முதலில் உட்கார்ந்தவர் கொழுந்து பறிக்கும் பாஞ்சாலை. ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான் டாக்டருக்கு அனுமதி நினைவுக்கு வந்தது.

"எல்லாரும் கவனிங்க. அம்மா, இந்தப் பல்லை எடுக்கலாமா?"

"ஆ... ஆல்ல... ஆ!"

"பாத்தீங்களா? முழு மனசோட சம்மதம்!"

பிஸ்மி என்று இறைவன் பெயரைச் சொல்லி இழுத்தார். வந்தது நல்ல பல்.

மாணவி ரம்லாதான் முதலில் கவனித்தாள். "சார், சொத்தை பக்கத்துப் பல்லு."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம நிய்யத் நல்லதும்மா. கெட்ட எண்ணம் எதுவும் இல்லியே."

"நிய்யத் சரி சார். பல்லுதான் தப்பு."

இறுதித் தேர்வில் அவளுக்கு மார்க் போடுகிறவர் அவர்தான். ஆனாலும் ரம்லா பாஞ்சாலையின் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "அக்கா, தப்பான பல்லை எடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டாள்.

"அந்தப் பல்லு இல்லேன்னுதானேலா அப்பவே கத்துனேன்!" என்றார் பாஞ்சாலை, மரத்த நாக்கோடு.

டாக்டர் முகம் வெளிறி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நல்ல மன்னிப்புத்தான். ஆனால் உண்மையான மன்னிப்புக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு என்று தொடங்கி, இரண்டாவதை அவர் எட்டும்போது பாஞ்சாலை கையைத் தூக்கினார்.

"மன்னிச்சுட்டேன்லா டாக்டர். மருந்து எறங்கறதுக்குள்ள அந்தப் புள்ள மத்ததைப் புடுங்கட்டும். நீங்க லைட்டைப் புடிங்க. பேசாம."

பிடித்தார். பேசாமல்! ரம்லா விரலால் தொட்டு, "இதுதானேக்கா?" என்று கேட்டாள். தலையசைந்த பிறகு எடுத்தாள். டாக்டரின் பாடங்களிலேயே சிறந்தது அந்த நாலு நிமிடம்தான் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். தேர்வில் ரம்லாவுக்கு அவர் முதல் மார்க் போட்டார். கூடவே மூன்று பக்க அறிவுரையும்.

சிரிக்கிறீர்கள். சரி. படிக்கும்போதே, 'இதை இன்னாருக்கு அவசியம் காட்டணும்' என்று ஒரு பெயர் உங்கள் மனதில் ஓடியதா? அந்த இன்னாரும் இதைப் படித்துவிட்டு உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.