போனஸை எல்லாம் கார்டில் போட்ட டிரஸர்

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவர்களிடம், தன் கம்ப்யூட்டருக்கு அடுத்து எதை வாங்கி மாட்டலாம் என்று ஆலோசனை கேட்ட டிரஸர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மலேசியாவில், எங்கள் லூனாஸில் இருந்தார். ஊர் வைத்த பெயர் கார்டு டிரஸர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது பங்குச் சாமியாருக்கும், ரப்பர் தோட்டத்து ஆபீசில் சம்பளம் போடும் கிராணியான எனக்கும் மட்டுமே தெரியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் என்றைக்காவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் டிரஸர்தான். அவருக்குத் தோட்டத்திலேயே நல்ல குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே ஜெனரேட்டர் கரண்டு. மானேஜருக்கு எப்போது தூக்கம் வருகிறதோ அப்போது விளக்கு அணைந்துவிடும். அது மனிதர்களுக்குப் பரவாயில்லை, கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று சொல்லி, டவுனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது.

அந்த கம்ப்யூட்டரைப் பினாங்கிலிருந்து வாங்கி வந்திருந்தார். தட்டச்சுப் பலகையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும். மேல்மூடியைச் சட்டி மூடி மாதிரி தூக்கினால், உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கார்டு செருகலாம். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு புதுத் திறமை வரும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினவர்கள் எல்லாம் கணக்குப் பார்க்க வாங்கினோம், பிள்ளைகள் படிக்க வாங்கினோம் என்று சொல்லிக்கொள்வார்கள். நம்மவருக்கு அந்த நடிப்பே கிடையாது.

"கேம் ஆடறதுக்குத்தான் வாங்கினேன்லா. வேற எதுக்கு?"

முதல் போனஸில் டிஸ்க் ஓட்டுவதற்கு ஒரு கார்டு வந்தது. இரண்டாவது போனஸில் பிரிண்டர் கார்டு வந்தது. பிரிண்டர் வரவில்லை.

"பிரிண்டரே இல்லாம எதுக்குண்ணே பிரிண்டர் கார்டு?"

"நாளைக்கே பிரிண்டர் வந்து வாசல்ல நின்னா, அப்ப எங்கடா தம்பி ஓடுவேன்?"

பெட்டி சீக்கிரம் சூடாகிவிடும். அதற்காக வீட்டிலிருந்த ஒரே மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். நான் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கிடப்பேன். அவர் புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்து, "லேசா காய்ச்சல் இருக்கு, கொஞ்ச நேரம் ரெஸ்ட் குடுப்போம்" என்பார். எனக்கு ஒரு தடவை நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, மாத்திரையை நீட்டிவிட்டுப் பெட்டியை விசாரிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது கார்டில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். மெமரி கார்டு போட்டால் பெரிய பெரிய ஆட்டங்கள் ஆடலாம். கலர் கார்டு போட்டு டிவியோடு இணைத்தால், திரையில் பச்சையாக மட்டுமே தெரிவதெல்லாம் வர்ணத்தில் தெரியும். ஒரு போனஸுக்கு ஒரு கார்டுதான். மெமரியா, கலரா?

இதை அவர் கேட்காத ஆள் லூனாஸில் இல்லை. ஒருநாள் சம்பள விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பால்மரம் வெட்டும் மாரியாயி அக்கா இருமலோடு உட்கார்ந்திருந்தார். டிரஸர் அவர் முதுகில் குழாயை வைத்து, "மூச்ச இழுங்க. விடுங்க. இன்னொருக்கா இழுங்க" என்றவர், அதே குரலில் கேட்டார்.

"அக்கா, மெமரி நெறைய இருக்கறது நல்லதா, கலரெல்லாம் நல்லா தெரியறது நல்லதா?"

இழுத்த மூச்சு அக்காவுக்கு அப்படியே நின்றுவிட்டது. "ஐயா! எனக்குக் கண்ணு போகப் போவுதா, இல்ல புத்தி பேதலிக்கப் போவுதா? எதா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிடுங்க!"

அக்காவைச் சமாதானப்படுத்த, இருமல் மருந்தோடு சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கோப்பிக் கடையில் இரண்டு கட்சிகளே உருவாகிவிட்டன. முடிவெட்டும் அண்ணன் மெமரி கட்சி. கடை முதலாளியான சீனத் தவுக்கே கலர் கட்சி. "கலர் லாகி பாகுஸ்லா, டிரஸர்!" என்று, கலர்தான் இன்னும் நல்லது என்பதை மலாயில் கோப்பி கலக்கிக்கொண்டே கத்துவார். இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை. டிரஸரோ எல்லோரிடமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வந்தபடியே குழப்பத்தோடு வீடு திரும்புவார்.

அந்த வருஷத்தில்தான் அவருக்கு வடக்கே குருண் என்ற ஊரில் பெண் பார்த்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் பாதர் மூலமாக வந்த சம்பந்தம். பெண் பெயர் ஆக்னஸ், பள்ளிக்கூட டீச்சர். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி சீட்டாடியே வீட்டைத் தோற்று, பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டவர் என்று பாதர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். அதை நான் ஒரு குடும்பச் செய்தியாகத்தான் காதில் வாங்கிக்கொண்டேன்.

டிரஸருக்குப் பெற்றோர் இல்லை. அதனால் துணைக்கு நான்தான் போனேன். கேக்கும் கோப்பியும் வந்தன. ஆக்னஸ் எதிரே உட்கார்ந்து, ஓரிரண்டு கேள்விகளுக்குக் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். நம்மவர் முகத்தைப் பார்த்தேன். புதுக் கார்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போதுகூட அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

பெண்ணின் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "தண்ணி, சிகரெட்டு அந்த மாதிரி பழக்கம் உண்டா தம்பி?"

"அதெல்லாம் தொடறதே இல்லீங்க அங்கள். கார்டு மட்டும்தான்."

அப்பாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "கார்டா?"

"ஆமாங்க. போனஸ் வந்தா மொத்தமா அதுலதான் போடுவேன்."

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஏன்டா மிதிக்கற?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவர் தொடர்ந்தார். "ரெண்டு போட்டாச்சு அங்கள். மூணாவதா எதப் போடறதுன்னுதான் ரொம்ப நாளா யோசிக்கறேன்."

"எங்க போயி ஆடுவீங்க?"

"வெளிய போறதே இல்லீங்க. வீட்டுலயேதான். அக்கம்பக்கத்து ஆளுங்க வந்தா அவங்களும் ஆடுவாங்க. நம்ம பாதர்கூட ஒருநாள் வந்து ஆடிட்டுப் போனாரு."

"ஜெயிச்சிருக்கீங்களா?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"பெரும்பாலும் தோல்விதாங்க. ஆனா விடமாட்டேன்!"

அப்பா எழுந்து நின்றார். நான், "அங்கள், அவரு சொல்றது கம்ப்யூட்டர்..." என்று தொடங்குவதற்குள், "கோப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவும் சாத்திக்கொண்டது.

அதோடு போகவில்லை. மறுநாள் குருண் பாசாரில் லூனாஸ்காரர் ஒருவரைப் பிடித்து அப்பா விசாரித்திருக்கிறார். அந்த நல்ல மனிதர், "நம்ம கார்டு டிரஸரா? தங்கமான ஆளாச்சே!" என்று உச்சி குளிரச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். சம்பந்தம் வேண்டாம் என்று பாதருக்குச் செய்தி வந்தது.

"கம்ப்யூட்டர்னு நான் சொல்லலையா?" என்று டிரஸர் என்னைக் கேட்டார்.

"ஒரு தடவகூட சொல்லலண்ணே."

"ஊருக்கே தெரியுமேடா."

"லூனாஸுக்குத் தெரியும். குருணுக்குத் தெரியாது."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு பெட்டியின் மூடியைத் தூக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்தார், மருந்து கொடுத்தார், அனுப்பினார். எதையும் கேட்கவில்லை. மாரியாயி அக்கா ஆபீஸுக்கே வந்து என்னிடம், "டிரஸர் ஐயாவுக்கு என்ன ஒடம்புக்கு? ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாரே. மெமரியே நல்லதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க சாமி" என்று கண்கலங்கினார்.

பாதர்தான் வழி சொன்னார். அவரே குருணுக்குப் போன் செய்து, சீட்டாட்டம் இல்லை என்று விளக்கிப் பார்த்தாராம். "எங்க தம்பிக்கும் இப்படித்தான் எல்லாரும் பரிஞ்சு பேசினாங்க பாதர்" என்று அப்பா சொல்லிவிட்டார். "வாயால சொன்னா ஆகாது. தூக்கிட்டுப் போயி காட்டு" என்றார் பாதர்.

டிரஸர் நிமிர்ந்தார். அடுத்த சனிக்கிழமை பினாங்குக்குக் கிளம்பினார். பெண் வீட்டில் காட்டப் போகிறார் என்றால் கலர்தான் என்று தவுக்கே கொண்டாடினார். மெமரி கட்சி வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் வந்து இறங்கிய மனிதர் கையில் ஒரு சின்னப் பெட்டி.

"என்னண்ணே, கலரா?"

"இல்ல."

"மெமரியா?"

"அதும் இல்ல." திறந்து காட்டினார். ஒரு ஜாய்ஸ்டிக்.

"நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே?"

"ஒண்ணுதான் இருக்கு" என்றார்.



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் பழைய மோட்டார் காடியில் குருணுக்குப் புறப்பட்டோம். கம்ப்யூட்டரை ஆஸ்பத்திரிக் கம்பளியில் சுற்றிப் பின் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். பாதையில் ஒரு குழி விடாமல் கத்தினார். "மெதுவா போடா! நெஞ்சுல அடிபடுது!" யாருடைய நெஞ்சு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்பா கதவைப் பாதி திறந்தார். கம்பளி மூட்டையைப் பார்த்ததும் அடிபட்ட ஆள் யாரோ என்று பதறி மீதியையும் திறந்துவிட்டார். உள்ளிருந்து ஆக்னஸ், "வந்தவங்கள வாசல்ல நிக்க வெக்காதீங்கப்பா" என்றார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் வைத்து இணைத்தோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "கார்டு எங்க?" என்றார்.

டிரஸர் மூடியைத் தூக்கி, உள்ளே பச்சைத் தகடுகளாக நின்ற இரண்டையும் காட்டினார். "இதாங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக் குனிந்து பார்த்தார். "போனஸ் மொத்தமும் போட்டது இதுலயா?"

"ஆமாங்க."

"பணம் வெச்சு ஆடறது இல்ல?"

"ஐயோ, இல்லீங்க அங்கள். அன்னிக்குப் பாதர் ஆடினப்பகூட ஒண்ணும் நஷ்டமில்ல. மூணு உயிர் போச்சு, அவ்வளவுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். ஆட்டத்தில் போகிற உயிர் என்று நான் அவசரமாக விளக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தார்; கண்ணில் நீர் வர ஆரம்பித்துவிட்டது. சிரிக்கிறாரா, தம்பியை நினைத்து அழுகிறாரா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

டிரஸர் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை ஆக்னஸ் பக்கம் நகர்த்தினார். பச்சைத் திரையில் இரண்டு டாங்கிகள், நடுவே சுவர்கள். எப்படிச் சுடுவது என்று அவர் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் ஆக்னஸ் அவரைச் சுட்டுவிட்டார். மறுபடியும் சுட்டார்.

"முடிவு எடுக்க எப்பவுமே இவ்வளவு நாளாகுமா உங்களுக்கு? பாதர் எல்லாத்தையும் சொன்னாரு" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"மத்ததுல?"

"அன்னிக்கு நீங்க வந்து உக்காந்தப்பவே எடுத்துட்டேன்."

ஆக்னஸின் டாங்கி அதற்குப் பிறகு சிறிது நேரம் சுடவில்லை. அந்த ஒரு ஆட்டம்தான் டிரஸர் ஜெயித்தார். அடுத்து அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நகரும்மா, நான் ஒண்ணு ஆடிப் பாக்கறேன்" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு அவரை எழுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கல்யாணம் லூனாஸ் மாதா கோயிலில்தான் நடந்தது. தவுக்கே முதல் வரிசையில் உட்கார்ந்து, பூசை நடுவிலேயே எனக்கு மட்டும் கேட்கும்படி, "இனி கலர்லா" என்றார். பிறகு அவர்கள் குருண் பக்கமே போய்விட்டார்கள். எனக்கும் வேலை மாறி, ஊர் மாறி, தலை நரைத்துவிட்டது.

இன்னமும் அவர் போன் செய்வார். பேரனுக்குக் கம்ப்யூட்டர், அதற்கு ஏதோ ஒரு சாமான், இதுவா அதுவா என்று ஆரம்பிப்பார். எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. வாயில் வந்ததைச் சொல்வேன். அவர் மறுமுனையில் மூச்சுக்கூட விடாமல் கேட்பார். என் பேச்சை இவ்வளவு மரியாதையாகக் கேட்டவர் என் வாழ்க்கையில் வேறு யாருமில்லை. ஒரு தடவைகூட அதன்படி செய்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் போன் என்றால், சாப்பிடுகிற கையோடு எழுந்து போய் எடுக்கிறேன்.